இதர வருமானம்

பிப்ரவரியிலிருந்து டிசம்பர்வரை
முந்நூற்றுப் பதினாறு வெள்ளி நாற்பது காசு.
அத்தனையும் கருத்து.

ஈசூனிலிருந்து தெம்பனிஸ் போகும் 969இல்
ஒரு கை கம்பியில், ஒரு கட்டைவிரல் திரையில்,
நின்றுகொண்டே சொன்ன கருத்து.
இந்தப் பற்பசை உங்களுக்கு எதை நினைவூட்டுகிறது?
மலைக்காற்று. தன்னம்பிக்கை. இளமை.
எனக்குப் பற்பசை பற்பசையைத்தான் நினைவூட்டும்.
அதற்குக் கட்டம் இல்லை.
தன்னம்பிக்கையைத் தொட்டேன்.
இருபது காசு.

ஏப்ரலில் சிங்பாஸ் வழியே உள்ளே போனால்
கிடங்குச் சம்பளம் ஏற்கெனவே வந்து உட்கார்ந்திருக்கிறது.
முதலாளி எனக்கு முன்பே வந்து
நிரப்பிவிட்டுப் போயிருக்கிறார்.
கீழே ஒரு வெற்றுக் கட்டம்:
இதர வருமானம்.

"பற்றுச்சீட்டுக்கெல்லாமா வரி?
ரெண்டு மூட்டை அரிசி, ஒரு டின் மைலோ.
தின்னதைத் திருப்பிக் கக்கணுமா?"
என்கிறார் புகழேந்தி,
அந்த மைலோவையே ஆற்றிக்கொண்டு.
"யார் கேட்கப் போறா?"

யாரும் கேட்கவில்லைதான்.
நானே தொலைபேசியில் அழைத்தேன்.
இருபது நிமிடம் பியானோ.
பிறகு சூ யீன் என்றொரு பெண், சளி பிடித்த குரல்.
எப்போதாவது செய்வதா, தொடர்ந்தா?
தினமும், போகும்போதும் வரும்போதும் என்றேன்.
அப்படியென்றால் போட்டுவிடுங்கள் என்றாள்.
அதை ஈட்டுவதற்குச் செலவு ஏதும் உண்டா?

செலவு.

முதல் சில வாரங்கள்
ஒவ்வொரு வாசலிலும் திருப்பி அனுப்பினார்கள்.
மன்னிக்கவும், நீங்கள் பொருந்தவில்லை.
கார் இல்லை, பொருந்தவில்லை.
நாய் இல்லை, பொருந்தவில்லை.
சமாதானத்துக்கு இரண்டு காசு.
ஆகவே ஒரு கார் வாங்கினேன், சாம்பல் நிறம்,
டயர் தேய்ந்தது.
ஒரு நாய் வளர்த்தேன், கோழிவாசம் பிடிக்காத நாய்.

மார்ச்சில் ஒருநாள், காத்திப் தாண்டி, மழை.
கண்ணாடி முழுக்க ஆவி.
வீட்டில் மூன்று வயதுக்குட்பட்ட குழந்தை உண்டா?
கட்டைவிரல் கொஞ்சநேரம் அந்தரத்தில் நின்றது.
பின்னால் யாரோ இடித்தார்கள்.
ஆம்.
ஆண். பத்தொன்பது மாதம்.
எடை தெரியவில்லை, தேடிப் பார்த்துப் பதினொரு கிலோ என்றேன்.
இரவில் டயாப்பர் எந்தப் பக்கம் கசிகிறது?
அதை மதியச் சாப்பாட்டில் ரோஸ்னாவிடம் கேட்டேன்,
உறவுக்காரப் பெண்ணுக்கு என்று சொல்லி.
இடப்பக்கம், குப்புறப் படுத்தால்.
குறைந்தது ஐம்பது எழுத்து எழுதச் சொன்ன இடத்தில்
நானூறு எழுதினேன்.
பல் வருகிறது என்று எழுதினேன்.
அவர்கள் அதைக் கேட்கவேயில்லை.

நாலு வெள்ளி ஐம்பது காசு.
அதற்குமுன் அவ்வளவு யாரும் தந்ததில்லை.

காரை ஜூனில் விற்றுவிட்டேன்.
நாயைப் பற்றி இப்போது யாரும் விசாரிப்பதில்லை.
அவனை மட்டும் மாதம் தவறாமல் எண்ணினேன்,
இருபது, இருபத்தொன்று, இருபத்திரண்டு,
பொய்யில் முரண்படக் கூடாதே என்று.
முந்நூற்றுப் பதினாறில்
எண்பத்தேழு வெள்ளி அவன் சம்பாத்தியம்.

"செலவு ஏதும் இல்லை," என்றேன் சூ யீனிடம்.

படிவத்தைக் கீழே இழுத்தால் பிள்ளைகளுக்கான வரிச்சலுகை.
அங்கே சுழியம்.
அதுவும் எனக்கு முன்பே நிரம்பியிருந்தது.
மேலே போய் 316.40 என்று தட்டினேன்,
நாற்பது காசையும் விடவில்லை.
மேற்கண்ட விவரங்கள் உண்மையானவை, முழுமையானவை.
தொட்டேன்.

எங்கள் சேவையில் உங்கள் திருப்தி
ஒன்றிலிருந்து ஐந்துக்குள் எவ்வளவு என்றது திரை.
இதற்குக் காசு கிடையாது.
மூடிவிட்டேன்.

வரும் ஆகஸ்டில் அவனுக்கு மூன்று முடிகிறது.
அதற்குமேல் கேட்கமாட்டார்கள்.